சிரிக்கிற படங்களை ஏன் போட்டோம்?

கேள்வி: கயானா நாட்டு ஜோன்ஸ்டவுனில் வாழ்ந்தவர்களின் பழைய புகைப்படங்களைச் சென்ற இதழில் போட்டிருந்தீர்கள். பிள்ளைகள் விளையாடுகிறார்கள், பெண்கள் சமைக்கிறார்கள், எல்லார் முகத்திலும் சிரிப்பு. ஒரு போதகர் பேச்சைக் கேட்டு விஷம் குடித்துச் செத்த முட்டாள் கூட்டத்துக்கு இத்தனை பக்கம் தேவையா?
- ஒரு வாசகர், மேலூர்

பதில்: தேவை. முதலில் ‘குடித்துச் செத்த’ என்பதைத் திருத்திக்கொள்ளுங்கள். 1978 நவம்பர் 18 அன்று மாண்ட 918 பேரில் 304 பேர் 18 வயது நிரம்பாதவர்கள். கைக்குழந்தைகளின் வாயில் ஊசிக்குழாயால் பீய்ச்சினார்கள். சுற்றிலும் துப்பாக்கிக் காவல். அதற்குப் பெயர் கொலை.

அடுத்தது, ‘முட்டாள் கூட்டம்’. 1950களின் அமெரிக்காவில் கறுப்பருக்குத் தனிக் கோயில், வெள்ளையருக்குத் தனிக் கோயில் என்பதுதான் வழக்கம். இண்டியானாபோலிஸ் நகரில் நீங்கள் சொல்லும் அந்தப் போதகர், ஜிம் ஜோன்ஸ், இருவரையும் சேர்த்து உட்கார வைத்தார். ஏழைகளுக்கு இலவசச் சாப்பாடு போட்டார், முதியோர் இல்லம் நடத்தினார். பின்னாளில் அவருடைய குழு கயானாவில் அமைத்த குடியிருப்புதான் ஜோன்ஸ்டவுன்; அங்கே போனவர்களில் பெரும்பான்மையோர் கறுப்பர்கள். தங்களை மனிதராக மதிக்கிற இடம் என்று நம்பிப் போனவர்களை முட்டாள் என்று சொல்ல எனக்கு வாய் வரவில்லை. சாதியே கேட்காத ஊர் ஒன்று இருக்கிறது என்று யாராவது நம்பும்படி சொன்னால், நம் மதுரைப் பக்கத்திலிருந்து எத்தனை குடும்பம் மூட்டை கட்டும்?

சரி, அந்தச் சிரிப்பு. அந்தப் படங்களில் பெரும்பாலானவை குழுவினரே எடுத்தவை. ஊரில் இருக்கும் சொந்தக்காரர்களுக்கும் வெளியாருக்கும் காட்ட வேண்டியிருந்தது. அதனால் சிரிப்பை அப்படியே நம்பவும் கூடாது. போகிற வருகிற கடிதங்களைப் பிரித்துப் படித்தார்கள். பாஸ்போர்ட்டை வாங்கி வைத்துக்கொண்டார்கள். ஒலிபெருக்கியில் நேரம் காலமில்லாமல் ஜோன்ஸின் குரல். இதெல்லாம் படத்தில் விழாது.

படம் பார்க்க எனக்குக் கற்றுக்கொடுத்தவர் என் அப்பத்தா. அத்தை ஒருவர் வீட்டை விட்டு ஓர் ஆசிரமத்தில் போய்ச் சேர்ந்திருந்தார். அங்கிருந்து ஒரு படம் வந்தது. “நல்லாத்தானே சிரிச்சுக்கிட்டு இருக்கா” என்று எல்லாரும் ஆறுதல் பட்டார்கள். அப்பத்தா படத்தை வாசல் வெளிச்சத்துக்குக் கொண்டுபோய் வெகுநேரம் பார்த்துவிட்டு, “காறை எலும்பு தெரியுதேடா, புள்ளைக்கு வயிறாரச் சோறு போடுறாய்ங்களா இல்லையா?” என்றார். நான்கு வருடம் கழித்து அத்தை திரும்பி வந்து சொன்னபோதுதான் அப்பத்தா கண்டது சரி என்று தெரிந்தது. ஜோன்ஸ்டவுன் படங்களையும் அப்படிப் பாருங்கள் என்றுதான் கேட்கிறேன்.

அந்தச் சாவுக்குப் பிறகு உலகம் பார்த்தது, வானத்திலிருந்து எடுத்த பிணக்குவியலை. அதில் ஒரு முகமும் தெரியாது. அடையாளம் காண முடியாமலும் கேட்டு வர ஆளில்லாமலும் 400க்கும் மேற்பட்ட உடல்களைக் கலிஃபோர்னியாவின் ஓக்லண்டில் ஒரே இடத்தில் புதைத்தார்கள். பெயர்கள் எல்லாம் அங்கே கல்லில் ஏற 2011 ஆகிவிட்டது. இரண்டு சகோதரிகளை அங்கே பறிகொடுத்த சமய ஆய்வாளர் ரெபெக்கா மூர் போன்றவர்கள் படங்களையும் கடிதங்களையும் ஒலிநாடாக்களையும் பல ஆண்டுகளாகத் திரட்டி வருகிறார்கள். பிணமாக மட்டும் பார்க்கப்பட்டவர்களுக்கு முகம் திரும்பக் கிடைத்தது இப்படித்தான்.

உங்கள் ஊருக்குப் பக்கத்தில்தான் மாங்குளம் மலை. இரண்டாயிரம் ஆண்டுக்கு முன்பு அங்கே சமணத் துறவிக்குக் கற்படுக்கை வெட்டிக் கொடுத்தவர்கள், யாருக்கு, யார் கொடுத்தது என்று பாறையில் எழுதி வைத்தார்கள். நாங்கள் அதைக்கூடச் செய்யவில்லை. எடுத்தது யார், யாருக்குக் காட்ட எடுத்தது என்ற ஒரு வரி இல்லாமல் படங்களை அச்சிட்டுவிட்டோம். நீங்கள் கோபப்பட்டிருக்க வேண்டியது அதற்குத்தான். அந்த வரிகளோடு இரண்டு படங்களை அடுத்த இதழில் மறுபடியும் போடுகிறோம்.