கேம் கொன்சோல் வாங்க முதல்: வன்னியிலிருந்து வந்த கேள்விகளும் பதில்களும்

விசுவமடு: அண்ணை, டிஸ்க் போடாத பிஎஸ்5 (பிளேஸ்டேசன் 5) விலை குறைவாக் கிடக்கு. வீட்டில 4ஜி ரவுட்டர்தான். அதை எடுக்கலாமோ?

டிஸ்க் போடுகிறதையே எடுங்கள் தம்பி. பெரிய கேம் ஒன்று 100 ஜிபி வரை வரும். லைன் 10 எம்பிபிஎஸ் வேகத்தை விடாமல் தந்தால்கூட அதை இறக்க 22 மணித்தியாலம் வேண்டும். பின்னேரத்தில் எல்லோரும் ஃபோனும் கையுமாக இருக்கும்போது அந்த வேகமும் நிற்காது. டிஸ்க் என்றால் பெரும்பாலான கேம்களின் முக்கால்வாசி அதிலேயே இருக்கும். அப்டேட்டை மட்டும் இரவு டேட்டாவில் இறக்கலாம். விளையாடி முடித்த டிஸ்கை விற்கலாம், கூட்டாளியிடம் மாற்றலாம். டவுன்லோட் செய்த கேமை அப்படி விற்க முடியாது.

கவனிக்க ஒன்று உண்டு. சில கேம்களில் டிஸ்க் பேருக்குத்தான். பெட்டியில் ‘இணையம் தேவை’ என்று சிறிய எழுத்தில் போட்டிருக்கும். அதைப் பார்த்து வாங்குங்கள். பிஎஸ்5 ஸ்லிம்மில் டிஸ்க் டிரைவ் கழற்றிப் பூட்டக்கூடியது. முதல் தரம் பூட்டும்போது ஒருமுறை இணையம் வேண்டும், ஃபோன் ஹொட்ஸ்பொட் போதும்.

மல்லாவி: எக்ஸ்பொக்ஸ் சீரிஸ் எஸ் நல்லதோ?

மெசின் நல்லது, கரண்டும் குறையத் தின்னும். ஆனால் டிஸ்க் போட இடமே இல்லை. 512 ஜிபி மொடலில் கேமுக்கு மிஞ்சுவது 364 ஜிபிதான். ஃபைபர் லைன் வந்த வீட்டுக்குச் சரி. 4ஜி வீட்டுக்கு வேண்டாம்.

புதுக்குடியிருப்பு: கரண்ட் அடிக்கடி போய் வருது. பிஎஸ்4, பிஎஸ்5 பழுதாகுமோ? ஸ்டெபிலைசர் போதுமோ?

கரண்ட் போவதை விட, திரும்ப வரும்போது ஏறுகிற வோல்டேஜ்தான் பவர் சப்ளையை அடிக்கும். ஸ்டெபிலைசர் கரண்டைப் பிடித்து வைக்காது, கரண்ட் போனதும் பற்றரியில் ஓடவைக்கும் யூபிஎஸ்தான் வேண்டும். பிஎஸ்5 விளையாடும்போது ஏறத்தாழ 200 வட் எடுக்கும், எல்இடி ரீவியையும் சேர்த்தால் 300 வட்டுக்குள் நிற்கும். 650 விஏ யூபிஎஸ் அதைச் சில நிமிடம் தாங்கும். அந்த நேரம் சேவ் செய்து முறையாக நிற்பாட்டுவதற்கு மட்டும், தொடர்ந்து விளையாட அல்ல. ரெஸ்ட் மோடிலும் (முழுதாக நிற்பாட்டாத தூக்க நிலை) விட்டுவிட்டுப் போகாதீர்கள்.

பிஎஸ்4இன் உள்ளே சுழலும் ஹார்ட் டிஸ்க். எழுதிக்கொண்டிருக்கும்போது கரண்ட் போனால் டேட்டா குழம்பும். அப்படி நடந்தால் மெசினை நிற்பாட்டி, பவர் பட்டனை இரண்டாவது ‘பீப்’ கேட்கும்வரை, ஏறத்தாழ 7 விநாடி, அமர்த்திப் பிடியுங்கள். கொன்ட்ரோலரை யூஎஸ்பி வயரில் கொழுவி பிஎஸ் பட்டனை அமர்த்தி, 5ஆவது தெரிவான ‘ரீபில்ட் டேட்டாபேஸ்’ஸைக் கொடுங்கள். கேமும் சேவும் அழியாது. 6ஐயும் 7ஐயும் தொடாதீர்கள், இரண்டும் எல்லாவற்றையும் துடைத்துவிடும்.

ஐப்பசி, கார்த்திகை இடிமின்னலுக்கு யூபிஎஸ்சும் காவல் இல்லை. பிளக்கைக் கழற்றுங்கள், ரவுட்டரிலிருந்து வரும் லான் வயரையும் கழற்றுங்கள். டிஷ் வயரைப் பலர் மறந்துவிடுகிறார்கள்: மின்னல் அதன் வழியே ரீவிக்குள் இறங்கி, எச்டிஎம்ஐ வயரால் கொன்சோலுக்குப் போய், அந்தப் போர்ட்டைக் கருக்கிவிடும்.

மாங்குளம்: கனடா மாமா பிஎஸ்5 அனுப்புறன் எண்டுறார். இங்க வேலை செய்யுமோ?

மெசினின் லேபிளைப் படம் எடுத்து அனுப்பச் சொல்லுங்கள். 100-240 வோல்ட் என்று இருந்தால் வயரை மட்டும் இங்கே மாற்றலாம். எட்டு வடிவ முனையுள்ள வயர், ரேடியோக் கடையிலும் கிடைக்கும். 120 மட்டும் இருந்தால் 500 வட் ஸ்டெப்-டவுன் ட்ரான்ஸ்ஃபோமர் வையுங்கள். பழைய எக்ஸ்பொக்ஸ் 360ஐ அவர் அனுப்ப நினைத்தால் இன்னும் கவனம்: அதன் அடப்டர் 120க்கானது, இங்கே நேராகக் கொழுவினால் எரிந்துவிடும்.

பிளேஸ்டேசன் கணக்குத் திறக்கும்போது நாடுகளின் பட்டியலில் இலங்கை இல்லை. வேறொரு நாட்டைத்தான் தெரிவுசெய்ய வேண்டும், அதைப் பின்னர் மாற்ற முடியாது. கிஃப்ட் கார்ட் அந்த நாட்டினதாகவே இருக்க வேண்டும். மாமாதான் கார்ட் வாங்கித் தருவார் என்றால் கனடாவைத் தெரிவுசெய்யுங்கள். டிஸ்க் எந்த நாட்டினதும் ஓடும், ஆனால் அதற்குரிய டிஎல்சி (கேமுக்கு மேலதிகமாக இறக்கும் பகுதி) டிஸ்கின் நாட்டோடு பொருந்த வேண்டும்.

கிளிநொச்சி: பழைய பிஎஸ்4 வாங்கப் போறன். கடையில எதைப் பாக்கிறது?

குறைந்தது அரை மணித்தியாலம் ஒரு கனமான கேமை ஓடவிடுங்கள். ஃபேன் இரைந்து மெசின் தானாக நின்றால், தூசி அடைத்து, சிப்பின் சூட்டைக் கடத்தும் தெர்மல் பேஸ்ட் காய்ந்திருக்கக்கூடும். அந்தச் செலவை விலையில் குறையுங்கள். எச்டிஎம்ஐ போர்ட்டுக்குள் டோர்ச் அடித்து, வளைந்த பின் இருக்கிறதா என்று பாருங்கள். டிஸ்க் ஒன்றைப் போட்டு எடுத்துப் பாருங்கள். கொன்ட்ரோலரைக் கை வைக்காமல் விட்டால் மெனு தானாக நகரக்கூடாது. கடைசியாக, உங்கள் ஹொட்ஸ்பொட்டைக் கொடுத்து உங்கள் கணக்கில் உள்ளே போய்ப் பாருங்கள். கம்பனி ஒன்லைனில் தடை செய்த மெசின் அங்கேதான் பிடிபடும். ‘ஜெயில்பிரேக் செய்தது (கம்பனிப் பூட்டை உடைத்தது), நிறையக் கேம் இருக்கு’ என்றால், ஒன்லைனில் விளையாட நினைப்பவர் அதை விட்டுவிடுவது நல்லது.

ஒட்டுசுட்டான்: 7 வயசுப் பிள்ளைக்கு?

நிண்டெண்டோ சுவிட்ச். கரண்ட் போனாலும் பற்றரியில் சில மணித்தியாலம் ஓடும். லைட் மொடலை ரீவியில் கொழுவ முடியாது. அண்ணன் தங்கச்சி சேர்ந்து விளையாடுவதென்றால் சாதாரண சுவிட்ச்சையே எடுங்கள்.