இருவருக்கும் முழுநேர வேலை, கையில் எட்டு மாதக் குழந்தை. சிங்கப்பூரில் எப்படிச் சமாளிக்கிறீர்கள்? வேலையை விட்டுவிடலாமா?

ஊரிலிருந்து பெற்றோர் வர வழியில்லை என்றும் எழுதியிருக்கிறீர்கள். கேட்டிருப்பது அம்மாதான் என்று எடுத்துக்கொள்கிறேன். "விட்டுவிடலாமா" என்று கேள்வியை முடிக்கிற அப்பாவை நான் இதுவரை பார்த்ததில்லை.

என் மகளுக்கு இப்போது நாலு வயது. வீடு செங்காங்கில், பராமரிப்பு நிலையம் எங்கள் புளோக்கின் கீழ்த்தளத்திலேயே இருக்கிறது. எனக்கு வேலை ஹார்பர்ஃபிரண்ட் பக்கம், ஒரு சரக்குக் கம்பெனியின் கணக்குப் பிரிவில். நிலையம் மாலை 7 மணிக்கு மூடும். 6 மணிக்கு நாற்காலியை விட்டு எழுந்தால் ரயில் பிடித்து ஏழுக்கு ஐந்து நிமிடம் இருக்கும்போது வாசலில் நிற்கலாம். 6.10க்கு எழுந்தால் தாமதக் கட்டணம், அதைவிட மோசம் அந்த டீச்சரின் முகம், பாவம் அவருக்கும் வீட்டில் பிள்ளைகள் இருக்குமில்லையா.

அவளுக்கு 14 மாதம் இருக்கும்போது ஒரு மாதக் கடைசி. கணக்கு முடிக்கும் நாள். மதியம் 2.40க்கு நிலையத்திலிருந்து போன், காய்ச்சல் 38.4, வந்து கூட்டிப் போங்கள் என்று. மேலாளரிடம் சொன்னேன். "இந்த ஒரு மீட்டிங் மட்டும் முடிச்சிட்டுப் போயேன்" என்றார். நானும் சரி என்றேன். ஆமாம், நான்தான் சரி என்றேன், அதற்காக இங்கே யாரும் என்னைத் திட்ட வேண்டாம், நானே போதுமான அளவு திட்டிக்கொண்டாயிற்று. அந்த ஒரு மீட்டிங் ஒன்றரை மணி நேரம் இழுத்தது. நான் போய்ச் சேர்ந்தபோது ஐந்தரை. நெற்றியில் காய்ச்சலைத் தணிக்கும் நீலப் பட்டை ஒட்டி டீச்சர் தோளில் தூங்கிக்கொண்டிருந்தாள். காலணி அடுக்கின் மேல் அவள் பையை எடுத்துக் கட்டி வைத்திருந்தார்கள், பால் புட்டி, மாற்றுத் துணி எல்லாம் உள்ளே, ஜிப் மூடி. மூன்று மணிக்கே கட்டிவிட்டோம் என்றார்கள். குழந்தையைப் பார்த்து வராத அழுகை அந்தப் பையைப் பார்த்ததும் வந்தது.

கை, கால், வாய் நோய். ஒன்பது நாள் வீட்டில். குடியுரிமை உள்ள பிள்ளைக்கு வருடத்தில் 6 நாள் பிள்ளைப் பராமரிப்பு விடுப்பு கிடைக்கும், அந்த ஆறும் ஒரே அடியில் போனது, மிச்சத்துக்கு என் சொந்த விடுமுறை. இதில் வேடிக்கை, அப்பாவுக்கும் தனியாக அதே 6 நாள் உண்டு. அந்த வருடம் என் வீட்டுக்காரர் அதில் ஒரு நாள்கூடத் தொடவில்லை. உடனே அவரை வில்லனாக்கிவிடாதீர்கள், பிள்ளையை ராத்திரி குளிப்பாட்டுவது, நகம் வெட்டுவது எல்லாம் அன்றும் அவர்தான், இன்றும் அவர்தான். அன்றைக்கு அவருக்கு யாரும் போன் பண்ணவில்லை, அவ்வளவுதான்.

வேலையை விடுவது பற்றி. விட்டவர்களை நான் குறை சொல்லவில்லை, என் தங்கையே விட்டவள்தான், நிம்மதியாக இருக்கிறாள். ஆனால் கணக்குப் போட்டுவிட்டு விடுங்கள். மாதம் 56 மணி நேரமாவது வேலை பார்க்கும் தாய்க்குக் கைக்குழந்தைப் பராமரிப்பின் அடிப்படை அரசு மானியம் மாதம் 600 வெள்ளி (சிங்கப்பூர் டாலர்). வேலையை விட்டபின்னும் பிள்ளையை அங்கே விட நினைத்தால் பெரும்பாலானவர்களுக்கு அது 150 ஆகிவிடும், குறைந்த வருமானக் குடும்பங்களுக்கு விதி வேறு. பணிப்பெண் வைத்தால் தீர்ந்தது என்று கீழே யாராவது நிச்சயம் எழுதுவார்கள். பணிப்பெண்ணுக்காக மாதாமாதம் அரசுக்குக் கட்டும் தீர்வை சலுகையில் 60 வெள்ளிதான், தெரியும். சம்பளம், சாப்பாடு, அப்புறம் எங்கள் மூவறை வீட்டில் அந்தப் பெண் எங்கே படுப்பாள்?

வேலை நேரத்தைப் பற்றி மேலாளரிடம் வாய்வார்த்தையாகப் பேசாதீர்கள். நான் ஒரு வருடம் அப்படித்தான் பேசினேன், ஒவ்வொரு மாதமும் அவர் மறந்தார். 2024 டிசம்பர் 1 முதல் நீக்குப்போக்கான வேலை ஏற்பாட்டுக்கு (வேலை நேரத்தையோ இடத்தையோ மாற்றிக்கொள்வது) முறைப்படி எழுதிக் கேட்டால் முதலாளி இரண்டு மாதத்துக்குள் எழுத்தில் பதில் சொல்ல வேண்டும். மறுக்கலாம், ஆனால் வேலை சம்பந்தமான நியாயமான காரணம் சொல்ல வேண்டும். நான் எழுதிக் கேட்டு வாங்கியது காலை 8 முதல் 5 வரை. இப்போது ஏழரைக்கு இரவுச் சாப்பாடே முடிந்துவிடுகிறது.

கேள்விக்குச் சம்பந்தமில்லாத ஒன்று, சொல்லாவிட்டால் எனக்குத் தூக்கம் வராது. எங்கள் நிலையத்தில் தாய்மொழிப் பாடம் என்றால் சீனம் மட்டும். தமிழ்ப் பிள்ளைகள் இரண்டே பேர், டீச்சர் கிடைக்கவில்லை என்கிறார்கள். அதனால் இவளும் அதே வகுப்பில் உட்கார்ந்து, போன வாரம் வீடியோவில் திருச்சி ஆச்சிக்கு ஈ, அர், சான் என்று பத்து வரை எண்ணிக் காட்டினாள். ஆச்சி கைதட்டிவிட்டு, "சரி கண்ணு, இப்ப நம்ம பாஷையில சொல்லு" என்றார். மூன்றோடு நின்றுவிட்டது. நான்கு மொழி நாடு என்று பெருமையாகப் பேசுகிறோம். கல்வி அமைச்சின் பாலர் பள்ளிகளில் தமிழ் உண்டு, ஆனால் அங்கே முதலாம் வகுப்புக்கு முந்தைய இரண்டு வருடம்தான். அதுவரை? இடம் தேடும்போது பால் பவுடர், மீன் குளம், பிரம்பு ஊஞ்சல் எல்லாம் பார்த்தேன், தமிழ் இருக்கிறதா என்று கேட்க மறந்தேன். நீங்கள் கேளுங்கள்.

நிலையத்தில் சேர்க்கும்போது ஒரு படிவம் தருவார்கள். அவசரத்துக்கு முதலில் யாரைக் கூப்பிடுவது என்று ஒரு கட்டம் இருக்கும். நான் யோசிக்காமல் என் நம்பரைப் போட்டிருந்தேன். அந்தக் காய்ச்சலுக்குப் பிறகு போய் மாற்றச் சொன்னபோது "அப்பாவா முதலில்?" என்று டீச்சர் இரண்டு முறை கேட்டார். நீங்கள் முதல் நாளே அதில் உங்கள் வீட்டுக்காரர் நம்பரை எழுதிவிடுங்கள். மீட்டிங்கில் இருந்தால் என்ன செய்வது என்று அவர் கேட்பார். என்னுடையவரும் கேட்டார். நானும் அன்றைக்கு மீட்டிங்கில்தான் இருந்தேன் என்றேன்.