பெயரைக் கேட்டு மட்டும் துணி வாங்காதீர்கள்

கேள்வி: தையல் பழகி நான்கு மாதம் ஆகிறது. காட்டன் துணியில் தைத்த மேல்சட்டை நன்றாக வந்தது. அதே பேப்பர் கட்டிங்கை வைத்து 'சாட்டின் சில்க்' என்று வாங்கிய துணியில் தைத்தேன். தையல் நெடுகச் சுருக்கம், வெட்டிய ஓரமெல்லாம் நூல் பிரிகிறது. பனியன் துணியில் தைத்தால் தையல் விட்டுவிட்டு விழுகிறது. போட்டுப் பார்க்கும்போது கழுத்துத் தையல் அறுந்தே போனது. கோளாறு மெஷினிலா, என்னிடமா? பாப்ளின், கிரேப், ரேயான், ஜார்ஜெட் என்ற பெயர்களை எப்படிப் புரிந்துகொள்வது?

பதில்: மெஷினைக் கழற்றாதீர்கள். காட்டனில் ஒழுங்காக ஓடுகிற மெஷின் பனியன் துணியில் மட்டும் தையல் விட்டால், முதலில் மாற்றிப் பார்க்க வேண்டியது ஊசி. சாட்டினில் விழுந்த சுருக்கத்துக்கும் ஊசியும் நூல் டென்ஷனும் (நூலின் இறுக்கம்) பாதிக் காரணம். மீதிப் பாதி, துணியின் பெயர் உங்களைக் குழப்பியதால் வந்தது.

துணிக்கடைப் பெயர்கள் எல்லாம் ஒரே வகைப் பெயர்கள் அல்ல. காட்டன் என்பது நாரின் பெயர். சாட்டின் என்பது நெசவின் பெயர். கிரேப் என்பது மேற்பரப்பில் தெரியும் நுண்ணிய நெளிவுக்கான பெயர். பெரும்பாலும் அதிக முறுக்கேற்றிய நூலால் அது வருகிறது. ஆகவே பட்டிலும் சாட்டின் உண்டு, பாலியெஸ்டரிலும் உண்டு, பருத்தியிலும் உண்டு. ஜார்ஜெட்டும் அப்படித்தான். 'சாட்டின் சில்க்' என்ற பெயரில் பட்டு இருக்க வேண்டிய கட்டாயமே இல்லை. 'பட்டுப்போல் பளபளக்கும்' என்பதற்கு மேல் அந்தச் சொல் பல சமயம் எதையும் சொல்வதில்லை.

துணியைக் கையில் எடுத்ததும் மூன்று கேள்விகளைத் தனித்தனியாகக் கேட்டுக்கொள்ளுங்கள். நெய்ததா, பின்னியதா? என்ன நார்? எவ்வளவு எடை? முதல் கேள்விக்கான விடை ஊசியின் முனை வகையையும் தையலையும் முடிவு செய்யும். இரண்டாவது, துவைப்பதையும் இஸ்திரியையும். மூன்றாவது, ஊசியின் தடிமனையும் அதில் என்ன தைக்கலாம் என்பதையும்.

நெய்ததா, பின்னியதா?

வெட்டிய ஓரத்திலிருந்து ஓர் இழையை உருவிப் பாருங்கள். நேரான நூலாக வந்தால் நெய்த துணி. வளையம் வளையமாக நெளிந்த நூல் வந்தாலோ, இழுத்த இடத்தில் ஏணிபோல் கோடு ஓடினாலோ பின்னிய துணி. நாம் பொதுவாகப் பனியன் துணி என்பது இதைத்தான். இழுத்துப் பார்த்து மட்டும் முடிவு செய்ய வேண்டாம். லைக்ரா கலந்து நெய்த துணியும் அகலவாட்டில் நீளும்.

பின்னிய துணி எவ்வளவு நீளுகிறது என்பதை அளந்துவிடுவது நல்லது. அகலவாட்டில் 10 செ.மீ. பிடித்துக்கொண்டு, துணியை வருத்தாமல் எவ்வளவு வரை வருகிறது என்று இழுங்கள். 12.5 செ.மீ. வந்தால் 25 சதவீத நீட்சி. விட்டதும் பழைய அளவுக்குத் திரும்ப வேண்டும். திரும்பாவிட்டால் முழங்கையும் முழங்காலும் தொளதொளத்துவிடும்.

இனி உங்கள் தையல் ஏன் விட்டது என்று பார்ப்போம். ஊசி துணிக்குக் கீழே இறங்கி, மேலே திரும்பும் தொடக்கத்தில் ஊசிக்குப் பின்னால் நூல் ஒரு சிறு கண்ணியாகப் பிதுங்கும். கீழே சுற்றும் கொக்கி அந்தக் கண்ணியைக் கவ்வினால்தான் ஒரு தையல் விழும். பனியன் துணி ஊசியோடு ஒட்டிக்கொண்டே மேலும் கீழும் போகும். கண்ணி சரியாக உருவாகாது, கொக்கி வெறுமனே சுற்றிப் போகும். சாதாரணக் கூர் ஊசியால் இன்னொரு கெடுதலும் உண்டு: அது பின்னல் வளையத்தையே குத்தி அறுக்கும். அந்த ஓட்டைகள் இன்று தெரியாது, நான்கு முறை துவைத்த பிறகு தெரியும்.

பால் பாயிண்ட் ஊசியின் முனை லேசாக மழுங்கியிருப்பதால் இழைகளை விலக்கிக்கொண்டு இறங்கும். சாதாரண டி-சர்ட் துணிக்கு 75/11 அல்லது 80/12 எண் ஊசி போதும். லைக்ரா அதிகமாக இருந்தால் 'ஸ்ட்ரெட்ச்' என்று குறிப்பிட்ட ஊசியே வேண்டும். வாங்கும்போது தண்டைக் கவனியுங்கள். வீட்டு மெஷின்களில் பெரும்பாலானவற்றுக்கு ஒரு பக்கம் தட்டையான தண்டு. தொழிற்சாலை மெஷின் ஊசிகளில் பெரும்பாலும் உருண்டைத் தண்டு. பழைய ஊசியைக் கையோடு கொண்டுபோய் ஒப்பிடுவதே பாதுகாப்பு.

கழுத்து அறுந்ததற்குக் காரணம் நேர்த்தையல். துணி நீண்டது, நூல் நீளவில்லை. ஜிக்ஜாக் இருக்கும் மெஷினில் அகலம் 0.5 முதல் 1 மி.மீ., நீளம் 2.5 மி.மீ. வைத்துத் தையுங்கள். நேர்த்தையல் மட்டும் போடும் மெஷின் என்றால் பாலியெஸ்டர் நூல் போட்டு, தையல் நீளத்தை 2 மி.மீ. ஆக்கி, துணியை மிக லேசாக இழுத்துப் பிடித்துத் தைக்கலாம். இது சமாளிப்புதான். கழுத்தைச் சற்று அகலமாக வெட்டினால்தான் இது நிலைக்கும். பலமாக இழுத்தால் ஓரம் அலை அலையாக நிற்கும். அழுத்துக் காலின் அழுத்தத்தைக் குறைக்க வசதி இருந்தால் குறைத்துக்கொள்ளுங்கள்.

சாட்டின் ஏன் படுத்துகிறது?

நெசவில் நீளவாட்டு இழை பாவு, குறுக்கே ஓடுவது ஊடை. ஒன்று மேலே, ஒன்று கீழே என்று மாறி மாறிக் கோத்தால் சாதா நெசவு: வாயில், கேம்பிரிக், பாப்ளின் எல்லாம் இதுதான். கோக்கும் இடம் வரிசைக்கு வரிசை ஓர் இழை தள்ளிப் போனால் சாய்வுக் கோடுகள் தெரியும், அது ட்வில். ஜீன்ஸ் துணியின் சாய்வுக் கோடு அதனால் வந்தது.

சாட்டினில் ஓர் இழை நான்கு அல்லது அதற்கு மேற்பட்ட இழைகளைத் தாண்டி மேலே மிதந்து, பிறகே ஒரு முறை கீழே போகும். மிதக்கும் அந்த இழைகள் வெளிச்சத்தை ஒரே பக்கமாகத் திருப்புவதால் பளபளப்பு. இழைகளைப் பிடித்துவைக்கும் முடிச்சுப் புள்ளிகள் குறைவு என்பதால் வெட்டிய ஓரம் பிரிகிறது, முனை கெட்ட ஊசி பட்டால் இழை இழுபடுகிறது. பளபளப்பும் தொல்லையும் ஒரே இடத்திலிருந்துதான் வருகின்றன.

ஆகவே சாட்டினுக்குப் புது ஊசி, 65/9 அல்லது 70/10, நுண்முனையாக இருந்தால் மிக நல்லது. நூல் மெல்லிய பாலியெஸ்டர். மேல் டென்ஷனை வழக்கத்தைவிடச் சற்றுக் குறைத்து, தையல் நீளம் 2 முதல் 2.5 மி.மீ. வைத்து, முதலில் வெட்டுத் துண்டில் ஓட்டிப் பாருங்கள். தைக்கும்போது முன்னும் பின்னும் துணியை லேசாக விறைப்பாகப் பிடித்தால் போதும். இழுக்கக் கூடாது, ஊசி வளையும். நெருங்கிய நெசவில் தடித்த ஊசியும் தடித்த நூலும் புகுந்தால் இழைகள் ஒதுங்க இடமில்லாமல் கூடிக்கொள்ளும். சுருக்கத்தின் ஊற்று அதுதான்.

வெட்டும்போது துணியை இரண்டாக மடிக்காமல் ஒற்றையாக, கீழே ஒரு தாள் விரித்து, தாளோடு சேர்த்தே வெட்டினால் நழுவாது. குண்டூசியைத் தையல் விடுப்புக்குள் (தையலுக்கு வெளியே ஓரத்தில் விடும் கூடுதல் துணிக்குள்) மட்டும் குத்துங்கள். சாட்டினில் துளை மறையாது. எல்லாத் துண்டுகளும் ஒரே திசை பார்க்கட்டும். திசை மாறினால் நிறமே வேறாகத் தெரியும். ஓரம் பிரிவதற்கு ஃபிரெஞ்சுத் தையல் நல்ல மருந்து. விடுப்பு 15 மி.மீ. விட்டு, உள்பக்கங்கள் ஒன்றையொன்று பார்க்க வைத்து ஓரத்திலிருந்து 6 மி.மீ. தள்ளி ஒரு தையல்; ஓரத்தை 3 மி.மீ. ஆகக் கத்தரித்து, திருப்பி அழுத்தி, 9 மி.மீ. தள்ளி இரண்டாவது தையல். பிசிர் முழுவதும் உள்ளே அடங்கிவிடும்.

என்ன நார்?

தொட்டுப் பார்த்துச் சொல்ல அனுபவம் வேண்டும். எரித்துப் பார்த்தால் ஓரளவு இன்றே தெரியும். ஓரத்திலிருந்து நான்கைந்து இழைகளை உருவி, இடுக்கியில் பிடித்து, தண்ணீர் ஊற்றிய உலோகத் தட்டுக்கு மேல் வைத்து நெருப்புக் காட்டுங்கள். காகிதம் எரியும் வாடையும் மெல்லிய சாம்பலும் என்றால் பருத்தி, லினன் அல்லது ரேயான். முடி கருகும் வாடை, நெருப்பை எடுத்ததும் அணைந்துவிடுகிறது, கரிந்த துளி விரலில் நசுங்குகிறது என்றால் பட்டு அல்லது கம்பளி. உருகிச் சுருண்டு, ஆறியபின் நசுங்காத கெட்டி மணியாக நின்றால் பாலியெஸ்டர் அல்லது நைலான். மணியை ஆறும் முன் தொடாதீர்கள், தோலில் ஒட்டிக்கொள்ளும். பாவையும் ஊடையையும் தனித்தனியாகச் சோதியுங்கள். இரண்டும் வேறு நாராக இருப்பது சகஜம்.

பருத்தியையும் ரேயானையும் நெருப்பு பிரித்துக் காட்டாது. தண்ணீர் காட்டும். ஓர் இழையை நனைத்து இழுங்கள். ரேயான் நனைந்தால் வலுவிழக்கும், சட்டென்று அறும். பருத்தி நனைந்தாலும் வலுவிழக்காது. ரேயானைத் துவைக்கும்போது முறுக்கிப் பிழியக் கூடாது என்பதும் இதனால்தான்.

சுருங்குவது பற்றி ஒரு கணக்கு. வாங்கிய துணியில் 20 செ.மீ. சதுரம் வெட்டி, பின்னாளில் துவைக்கப்போகிற மாதிரியே துவைத்து, உலர்த்தி, இஸ்திரி போட்டு அளவெடுங்கள். நீளம் 19 ஆகியிருந்தால் 5 சதவீதம் சுருக்கம். இரண்டரை மீட்டரில் அது 12.5 செ.மீ. சட்டை குட்டையாகப் போதுமான அளவு. பருத்தியையும் ரேயானையும் வெட்டும் முன் முழுதாகத் துவைத்துவிடுங்கள். லைனிங்கையும்தான். மேல்துணியை மட்டும் நனைத்துவிட்டு லைனிங்கை அப்படியே வைத்தால், முதல் துவைப்பில் லைனிங் சுருங்கி மேல்துணியை உள்ளே இழுக்கும்.

எடையும் விழுகையும்

துணியின் எடையை ஒரு சதுர மீட்டருக்கு இத்தனை கிராம் என்று, ஜி.எஸ்.எம். கணக்கில் சொல்வார்கள். சீட்டில் இல்லாவிட்டால் சமையலறைத் தராசு போதும். 112 செ.மீ. அகலத்தில் 2 மீட்டர் என்றால் 2.24 சதுர மீட்டர். அது 280 கிராம் இருந்தால் 125 ஜி.எஸ்.எம். சுமார் 80 வரை மெல்லிய துணி, ஊசி 65/9 அல்லது 70/10. 100 முதல் 150 வரை 80/12. அதற்கு மேல் 250 வரை 90/14. 300-ஐத் தாண்டும் ஜீன்ஸுக்கு 100/16. முதல் எண் ஊசியின் தடிமன்: 90 என்றால் 0.9 மி.மீ.

எடை ஒன்றாக இருந்தாலும் விழும் விதம் ஒன்றாக இருக்காது. 120 ஜி.எஸ்.எம். பாப்ளின் விறைத்து நிற்கும், அதே எடை ரேயான் உடம்போடு வழியும். ஒரு முனையைப் பிடித்துத் தொங்கவிட்டால் கூம்புபோல் விரிந்து நிற்கிறதா, கயிறுபோல் இறங்குகிறதா என்று பார்த்துவிடலாம். காட்டனுக்குப் போட்ட கட்டிங் வழியும் துணியில் கழுத்தும் தோளும் தொய்ந்து கெடுவதற்கு இதுவும் ஒரு காரணமாக இருக்கலாம். ரேயானில் கிராஸாக, அதாவது இழைகளுக்குச் சாய்வாக, வெட்டிய பாவாடை என்றால் ஓர் இரவு தொங்கவிட்டு, ஓரத்தைச் சமன் செய்த பிறகே கீழ் மடிப்பு அடியுங்கள்.

அடுத்த இரண்டு மூன்று உடைகளுக்கு 110 முதல் 140 ஜி.எஸ்.எம். கேம்பிரிக் அல்லது பாப்ளின் எடுங்கள், சிறு பூ அச்சில். கோணல் தையலை அது மறைத்துக் கொடுக்கும்; கட்டமும் கோடும் ஒவ்வோர் இணைப்பிலும் காட்டிக்கொடுக்கும். பிறகு ரேயான். பின்னிய துணியில் முதலில் இன்டர்லாக் (இரட்டைப் பின்னல் துணி); ஓரம் சுருளாது. ஜார்ஜெட்டும் ஷிஃபானும் கடைசியில் வரட்டும்.

கெட்டுப்போன சாட்டின் சட்டையை முழுக்கப் பிரிக்காதீர்கள், பழைய ஊசித் துளைகள் பல்லிளிக்கும். குறைந்த சூட்டில், உள்பக்கத்தில், மேலே ஒரு மெல்லிய துணி போட்டு இஸ்திரி போட்டுப் பாருங்கள். சுருக்கம் போகாவிட்டால் பழைய தையலுக்கு 2 மி.மீ. உள்தள்ளிப் புதுத் தையல் போட்டு, பிறகு பழையதை மட்டும் பிரியுங்கள். துளைகள் விடுப்புக்குள் போய்விடும். பக்கத்துக்கு 2 மி.மீ. என்றால் சுற்றளவில் மொத்தம் 8 மி.மீ. குறையும், அதற்குச் சட்டையில் இடமிருக்கிறதா என்று முதலில் அளந்துகொள்ளுங்கள்.