வடக்கு ஜன்னலில் எந்த ஊர் வெயில்?

அன்புள்ள சார்,

திருச்சியில் வீடு கட்டப்போகிறோம். வீட்டை 3டியில் வரையும் ஸ்கெட்ச்அப் மென்பொருளில் போட்ட ஃபைல் ஒன்றை என்ஜினியர் அனுப்பியிருக்கிறார். நானும் மனைவியும் தினமும் அதைச் சுழற்றிச் சுழற்றிப் பார்க்கிறோம். 10க்கு 14 ஹால் கல்யாண மண்டபம் மாதிரி தெரிகிறது. வடக்கு ஜன்னலுக்கு சன்ஷேட் வேண்டாம் என்று நினைக்கிறோம். தேதியை ஜூன் 21க்கு மாற்றினாலும் உச்சி வேளையில் அந்தப் பக்கம் நிழல்தான் விழுகிறது. இந்த 3டி மாடலை எவ்வளவு தூரம் நம்பலாம்?

ஆர்., திருச்சி

அன்புள்ள ஆர்.,

முதலில், சன்ஷேட்டை எடுத்துவிடாதீர்கள்.

நிழல் போட மென்பொருளுக்குத் தேதியும் நேரமும் மட்டும் போதாது, ஊரும் தெரியவேண்டும். ஊர் எதுவும் குறிக்காமல் விட்டால் ஸ்கெட்ச்அப் வழக்கமாக அமெரிக்காவின் கொலராடோவில் உள்ள போல்டர் நகரத்தை எடுத்துக்கொள்ளும். அந்த மென்பொருள் பிறந்த ஊர் அது. 2006இல் கூகுள் வாங்கியது, 2012இல் டிரிம்பிள் என்ற நிறுவனத்தின் கைக்குப் போனது. பிறந்த ஊர்ப் பாசம் மட்டும் விடவில்லை போல. போல்டர் 40 டிகிரி வடக்கில் இருக்கிறது. அங்கே எந்த மாதமானாலும் உச்சிச் சூரியன் தெற்கேதான். திருச்சி 11 டிகிரிக்கும் கொஞ்சம் கீழே. ஏப்ரல் பிற்பாதியிலிருந்து ஆகஸ்ட் பிற்பாதி வரை நமக்கு உச்சி வெயில் வடக்கிலிருந்து வருகிறது. ஜூன் 21 அன்று காலையிலிருந்து மாலை வரைக்குமே உங்கள் வடக்குச் சுவரில் வெயில் படும். நீங்கள் பார்த்தது அநேகமாக போல்டரின் நிழல்.

என்ஜினியரிடம் ‘ஆட் லொகேஷன்’ கொடுத்து மனையைக் குறிக்கச் சொல்லுங்கள். வரைபடத்தின் பச்சைக் கோட்டைத்தான் மாடல் வடக்கு என்று எடுத்துக்கொள்ளும். தெரு கோணலாக இருந்து, வரையும் வசதிக்காக வீட்டை நேராக்கியிருந்தால் அதையும் திருப்பிவைக்க வேண்டும். பிறகு பார்த்தால் தெரியும்: ஜூன் உச்சி வெயிலுக்கு ஓரடி சன்ஷேட் கிட்டத்தட்ட நாலரை அடிக்கு நிழல் தரும். காலை, மாலைச் சாய்வெயிலை அது தடுக்காது. அதற்குப் பக்கவாட்டில் மறைப்போ மரமோ வேண்டும்.

இனி ஹால். கொலு பொம்மையைக் கையில் எடுத்துத் திருப்பிப் பார்ப்பதுபோல வெளியே நின்று சுழற்றிக்கொண்டே இருந்தால் எந்த வீடும் அழகுதான். நீங்கள் அதற்குள் நிற்கவேண்டும். ‘பொசிஷன் கேமரா’ எடுத்துத் தரையில் கிளிக் செய்தால் கண் 5 அடி 6 அங்குல உயரத்தில் நிற்கும். உயரத்தை டைப் செய்து மாற்றலாம். சமையலறையில் உங்கள் மனைவியின் கண் உயரத்தையும், ஹாலில் உட்கார்ந்தவருக்கு 4 அடியையும் கொடுத்துப் பாருங்கள்.

அடுத்து ‘ஃபீல்ட் ஆஃப் வியூ’, அதாவது கேமரா ஒரே பார்வையில் அடக்கும் கோணம், என்ன என்று பாருங்கள். ஸ்கெட்ச்அப் தானாக வைப்பது 35 டிகிரி. அறைக்குள் அது குறுகலாகத் தெரிவதால் 60, 70 என்று ஏற்றிவிடுவார்கள். உடனே எதிர்ச்சுவர் தள்ளிப் போய்விடும், உங்கள் 10 அடி மண்டபமாகிவிடும். 35க்கே இறக்குங்கள். அறை முழுதும் திரையில் அடங்காது, அடங்கவேண்டியதும் இல்லை. தலையைத் திருப்ப ‘லுக் அரவுண்ட்’ இருக்கிறது.

மாடலில் கிடக்கும் சோபாவையும் டேப் டூல் வைத்து அளந்துவிடுங்கள். ஹால் பெரிதாகத் தெரிய அதைச் சுருக்கி வைத்திருந்தாலும் ஆச்சரியமில்லை. கடையில் வாங்கும் சோபா 3 அடி ஆழம் இருக்கும், எதிரே டிவி யூனிட் ஒன்றரை அடி. நடுவே உங்களுக்கு மிஞ்சுவது ஐந்தரை அடி. அதில் டீப்பாய் வேறு போடவேண்டும்.