புழுத்துளை வழியாக 1985-க்குப் போக முடியுமா?

உங்கள் கதையில் 2040-இல் புழுத்துளை (இரண்டு இடங்களைக் குறுக்காக இணைக்கும் சுரங்கம் போன்ற வழி) அமைத்து, நாயகி 1985-க்குப் போய் விபத்திலிருந்து அப்பாவைக் காப்பாற்றுகிறாள். அது இயற்பியலோடு இடிக்கிறதா என்று கேட்டிருக்கிறீர்கள். இடிக்கிறது, ஆனால் நீங்கள் பயப்படும் முரண்பாட்டில் (அப்பா பிழைத்துவிட்டால் அவள் கிளம்பவே காரணம் இல்லையே என்பதில்) இல்லை. ஆண்டுதான் சிக்கல்.

1988-இல் மோரிஸ், தோர்ன், யூர்ட்செவர் என்ற மூன்று இயற்பியலாளர்கள் காட்டிய வழி இது: புழுத்துளையின் ஒரு வாய் இங்கேயே இருக்க, மறு வாயை மிக வேகமாகக் கொண்டுபோய்த் திரும்பக் கொண்டுவர வேண்டும். ஒளிவேகத்தில் 80 சதவீதம் என்று வையுங்கள். வேகமாகப் போவதற்குக் காலம் மெதுவாக ஓடும்; இங்கே 10 ஆண்டு ஓடினால் அந்த வாய்க்கு 6 ஆண்டுதான் ஆகியிருக்கும். துளையின் உள்வழியாகப் பார்த்தால் இரு வாய்களின் கடிகாரமும் ஒரே நேரத்தைத்தான் காட்டும். 2050-இல் திரும்பி வந்த வாய்க்குள் நுழைந்தால், இங்குள்ள வாய் வழியே 2046-இல் வெளியே வரலாம். அதை அமைப்பதற்கு முந்தைய காலத்துக்கு வழியே கிடையாது. (வாய் மூடாமல் தாங்க எதிர்மறை ஆற்றல் வேண்டும். கதைக்காக அதை விட்டுவிடலாம்.)

அதனால் விபத்தை 2047-க்கு மாற்றிவிடுங்கள். எனக்கு அதுதான் பிடித்திருக்கிறது, அவள் தன் இளவயதுத் தன்னையே சந்திக்க நேரும்.

அப்புறம், காப்பாற்றிவிட்டால் அவள் ஏன் கிளம்ப வேண்டும் என்ற கேள்விக்கு இயற்பியலாளர் நோவிகோவின் தன்னிசைவுக் கொள்கை உதவும்: அவள் செய்யும் முயற்சியும் ஏற்கெனவே நடந்ததில் ஒரு பகுதிதான்.