குழந்தையின் ஊசிக்குப் புதன்கிழமை போதும், மாமனாரை இன்றே கூட்டிப்போங்கள்

கேள்வி: பென்னாகரம் பக்கத்தில் கிராமம். கணவருக்குப் பெங்களூரில் கட்டட வேலை, குழந்தை அங்கேதான் பிறந்தது. மூன்றரை மாத ஊசி வரை போட்டோம். அப்புறம் ஊருக்கு வந்துவிட்டோம், அட்டையும் தொலைந்துபோனது. நர்ஸ் திட்டுவார்களோ என்று தள்ளிப்போட்டதில் இப்போது 17 மாதம் ஆகிவிட்டது. எங்கே போடுவார்கள், முதலிலிருந்து போட வேண்டுமா? மெடிக்கலில் மருந்து வாங்கிப் பக்கத்தில் போட்டுக்கொள்ளலாமா? விட்டதை மொத்தமாகப் போட்டால் ஆட்டிசம் வரும் என்று வீடியோவில் சொல்கிறார்கள். குழந்தையின் கையில் தழும்பும் இல்லை. பெரியவர்களுக்கும் தடுப்பூசி உண்டா? நாலு நாள் முன்பு மாமனாரை நாய்க்குட்டி கீறியது, டிடி போட்டாச்சு, அந்தக் குட்டியும் ரெண்டு நாளில் செத்துப்போச்சு.

மருத்துவர் பதில்:

அம்மா, உங்கள் கடைசி வரியிலிருந்து ஆரம்பிக்கிறேன். குழந்தைக்கு நாள் இருக்கிறது, மாமனாருக்கு இல்லை.

டிடி ஊசி ரண ஜன்னிக்குத்தான். வெறிநோய்க்கும் அதற்கும் ஒரு சம்பந்தமும் இல்லை. நாய் கீறியதும் ஒரு டிடி போட்டுக்கொண்டு, சுண்ணாம்போ மஞ்சளோ அப்பிவிட்டு, 'ஊசி போட்டாச்சு' என்று நிம்மதியாக இருப்பவர்களை வாரம் ஒருவராவது பார்க்கிறேன், ஒவ்வொரு முறையும் எனக்கு வயிறு கலங்குகிறது. குட்டிதானே என்பதும் கணக்கில் வராது, குட்டிக்கும் வெறிநோய் வரும். கீறிய நாயைப் பத்து நாள் பார்க்கச் சொல்வது அது உயிரோடு இருக்கிறதா என்று தெரிந்துகொள்ளத்தான். மாமனாரைக் கீறிய குட்டி இரண்டே நாளில் செத்துவிட்டது. இதைவிடப் பெரிய எச்சரிக்கை இருக்க முடியாது.

நோய் வந்தவரை நான் பார்த்திருக்கிறேன். தண்ணீர் டம்ளரை வாய்ப்பக்கம் கொண்டுபோன உடனே தொண்டை இழுத்துக்கொள்ளும், கை நடுங்கும், தாகம் இருக்கும், ஆனால் ஒரு மடக்கு இறங்காது. அந்தக் கட்டத்துக்குப் போய்விட்டால் எங்களால் காப்பாற்ற முடிவதில்லை. ஆனால் கீறலுக்கும் நோய்க்கும் நடுவில் பெரும்பாலும் சில வாரங்கள், மாதங்கள்கூட இருக்கும், அதற்குள் ஊசி போட்டால் தப்பித்துவிடலாம். நாலு நாள் போய்விட்டதே, இனிமேல் போட்டு என்ன பயன் என்று விட்டுவிடாதீர்கள்.

இப்போதே காயத்தைச் சோப்புப் போட்டு, குழாய்த் தண்ணீரில் 15 நிமிடம் கழுவுங்கள், நாள் ஆகியிருந்தாலும் சரி. பிறகு தருமபுரி அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனைக்கு நேராகப் போங்கள். வெறிநோய்த் தடுப்பூசி ஆரம்ப சுகாதார நிலையத்திலேயே இலவசமாகக் கிடைக்கும், ஆனால் கீறலில் ரத்தம் கசிந்திருந்தால் காயத்தைச் சுற்றிப் போடும் இம்யூனோகுளோபுலின் என்ற எதிர்ப்பு மருந்தும் வேண்டும், அதனால்தான் பெரிய ஆஸ்பத்திரியைச் சொல்கிறேன். ஊசி கையில்தான், தொப்புளைச் சுற்றிப் போட்டதெல்லாம் பழைய காலம். முதல் ஊசி போடும் நாள், அதிலிருந்து 3, 7, 28-ஆம் நாள் என்று நான்கு முறை போக வேண்டும். குட்டி செத்துப்போனதை டாக்டரிடம் மறக்காமல் சொல்லுங்கள். இன்னொன்று, அந்தக் குட்டியோடு உங்கள் குழந்தை விளையாடியதா? உடம்பைத் திருப்பிப் பாருங்கள், விரல் இடுக்கு, முகம், கால். சின்னக் கீறல் இருந்தாலும், புண் மேல் நக்கியிருந்தாலும் குழந்தையையும் கையோடு தூக்கிப்போங்கள்.

இனி குழந்தையின் விட்டுப்போன ஊசிகள். முதலிலிருந்து போட வேண்டியதே இல்லை, விட்ட இடத்திலிருந்து தொடர்வார்கள். ஒன்பதாம் மாதத்தில் போட்டிருக்க வேண்டிய தட்டம்மை-ரூபெல்லா ஊசி இப்போது உடனே, அடுத்தது ஒரு மாத இடைவெளியில். 16 மாதத்துக்கு மேல் போடும் பூஸ்டருக்கும் வயது வந்துவிட்டது. ஒரே நாளில் இரண்டு மூன்று ஊசி போட்டாலும் ஒன்றும் ஆகாது, இரவு காய்ச்சல் வந்தால் எடைக்கு ஏற்ற பாராசிட்டமால் போதும். ஆட்டிசம் கதை 1998-இல் வந்த ஒரே ஒரு கட்டுரையில் கிளம்பியது, அதை வெளியிட்ட மருத்துவ இதழே 2010-இல் திரும்பப் பெற்றுக்கொண்டது. அந்த வீடியோவை அழித்துவிடுங்கள். பிசிஜி என்ற காசநோய்த் தடுப்பூசியின் தழும்பு இல்லாததற்கும் பயப்பட வேண்டாம், சிலருக்கு விழாது, மறுபடி போடத் தேவையில்லை.

எங்கே என்றால், உங்கள் ஊர்த் துணை சுகாதார நிலையத்தில் புதன்கிழமை. எந்த ஊர், எந்த நிலையம் என்று குழப்பமாக இருந்தால் அரசு மருத்துவ உதவி எண் 104-க்குப் போன் போட்டுக் கேளுங்கள். ஓசூர், கிருஷ்ணகிரிப் பக்கம் போயிருக்கும்போது நாள் வந்தாலும் அங்குள்ள அரசு மருத்துவமனையில் போட்டுக்கொள்ளலாம், எந்த ஊர் என்று பார்க்க மாட்டார்கள். பெங்களூரில் கொடுத்த தாயி கார்டின் (தாய்-சேய் அட்டை) போட்டோ உங்கள் கணவர் போனில் இருக்கிறதா என்று தேடுங்கள், பதிவில் கொடுத்த போன் நம்பரையும் எடுத்துப்போங்கள், யூ-வின் என்ற அரசின் கணினித் தடுப்பூசிப் பதிவில் ஏறியிருந்தால் தெரிந்துவிடும். எதுவும் இல்லாவிட்டாலும் ஊசி இல்லை என்று அனுப்ப மாட்டார்கள். நர்ஸம்மா ஒரு வார்த்தை திட்டினால் திட்டட்டும், ஐந்து நிமிடத்தில் அவரே புது அட்டை எழுதிக் கொடுத்துவிடுவார்.

மெடிக்கலில் வாங்கி, பையில் போட்டு, பஸ்ஸில் கொண்டுவந்து போடுவது மட்டும் வேண்டாம். தடுப்பு மருந்து 2-இலிருந்து 8 டிகிரிக்குள் இருக்க வேண்டும். நர்ஸம்மா எடுக்கும் குப்பியைக் கவனியுங்கள், ஒரு வட்டம், அதற்குள் வெளிறிய சதுரம் இருக்கும். சூடு பட்டால் சதுரம் கறுத்துக்கொண்டே வரும், வட்டத்தின் நிறத்துக்கு வந்துவிட்டால் அந்த மருந்தைத் தொட மாட்டார்கள்.

பெரியவர்களுக்கும் உண்டு. கர்ப்பிணிக்கு டிடி ஊசி இலவசம். வயதானவர்கள், சர்க்கரை உள்ளவர்களுக்கு வருடம் ஒரு ஃப்ளூ ஊசி, அப்புறம் நிமோனியா ஊசி நல்லது, இவை பெரும்பாலும் தனியாரில் காசு கொடுத்துத்தான். அவசரம் இல்லை, பிறகு பேசலாம்.

மாமனாருக்கு இரண்டு ஊசி போட்டதும் காயம் ஆறிவிடும், ஆடு மாட்டை யார் பார்ப்பது என்று நிறுத்தப் பார்ப்பார். சீட்டில் நாலு தேதியையும் எழுதி வாங்கி, வீட்டுக் காலண்டரில் வட்டம் போட்டு வையுங்கள். நடுவில் மகனைப் பார்க்கப் பெங்களூர் போனாலும் சீட்டைக் கொண்டுபோய் அங்கே அரசு ஆஸ்பத்திரியில் அடுத்ததைப் போட்டுக்கொள்ளலாம்.