கொம்பு முளைத்த பண்: குறுக்கெழுத்துக் கேள்வி பதில்

குறுக்கெழுத்துப் புதிர்களை அவிழ்ப்பது பற்றி வந்த கேள்விகளுள், ஒன்றையொன்று தொட்டுச் செல்பவற்றை மட்டும் எடுத்துக்கொண்டு விடை எழுதியிருக்கிறேன். நாற்பது ஆண்டுகளாகப் புதிர் அவிழ்க்கிறேன், பதினைந்து ஆண்டுகளாக நானே அமைக்கிறேன் என்பதைத் தவிர இதில் எனக்கு வேறு தகுதி இல்லை. எடுத்துக்காட்டாக வரும் குறிப்புகள் நான் அமைத்தவை. அடைப்புக்குறிக்குள் இருப்பது விடையின் எழுத்து எண்ணிக்கை.

கேள்வி: வார இதழ்ப் புதிர்களை ஒரு காப்பி ஆறுவதற்குள் முடித்துவிடுகிறேன். ஆனால் விடையை மறைத்துச் சொல்லும் கிரிப்டிக் வகைப் புதிர் கையில் கிடைத்தால் முதல் குறிப்பிலேயே நின்றுவிடுகிறேன். எங்கிருந்து தொடங்க வேண்டும்?

பதில்: நீங்கள் குறிப்பை ஒரு வாக்கியமாக வாசித்து அதன் பொருளைத் தேடுகிறீர்கள். புதிர் அமைப்பவர் விரும்புவதும் அதைத்தான். இவ்வகைக் குறிப்பு ஒவ்வொன்றிலும் இரண்டு பகுதிகள் உண்டு. ஒன்று விடையின் நேர்பொருள். மற்றொன்று, அந்த விடையை எழுத்து எழுத்தாகக் கூட்டிச் செய்யும் முறை. நேர்பொருள் குறிப்பின் தொடக்கத்திலோ முடிவிலோதான் நிற்கும், நடுவில் நிற்காது. 'கள்ளுடன் தலையிழந்த துரை கூடல் (3)' என்ற குறிப்பைப் பாருங்கள். வாசித்தவுடன் குடித்துவிட்டுத் தள்ளாடும் ஒரு வெள்ளைக்காரத் துரை கண்முன் வருகிறார். அவரை மறந்துவிடுங்கள். கள் என்பதற்கு மது, தலை எழுத்தை இழந்த துரை என்பதற்கு ரை, இரண்டும் சேர்ந்தால் மதுரை. நான்மாடக்கூடல் என்ற பழம்பெயரின் சுருக்கமாகிய கூடல் இறுதியில் நின்று, சேர்தல் என்னும் வினைபோல நடித்துக்கொண்டிருக்கிறது. தமிழ் வாக்கியம் வினையில் முடிவதால், வினைபோலத் தோன்றும் பெயர்ச்சொல்லை இறுதியில் ஒளித்து வைப்பது அமைப்பவர்களுக்கு மிக எளிது. எனவே கடைசிச் சொல்லை முதலில் சந்தேகிக்கப் பழகுங்கள்.

கேள்வி: எழுத்துகளைக் கலைத்துப் போட்டிருக்கிறார்கள் என்பதை எப்படி அறிவது?

பதில்: வார இதழ்ப் புதிர்களில் 'கலைந்துள்ளது', 'திரும்பியுள்ளது' என்று வெளிப்படையாகவே சொல்லிவிடுவார்கள். வலமிருந்து இடம், கீழிருந்து மேல் என்றும் விடைகளை அமைப்பார்கள். கிரிப்டிக் புதிரில் விடைகள் இடமிருந்து வலமாகவும் மேலிருந்து கீழாகவும் மட்டுமே செல்லும், ஆனால் கலைந்த செய்தியைக் கதைக்குள் புதைத்துவிடுவார்கள். புரண்டு, உருண்டு, சிதறி, தடுமாறி, ஆடி போன்ற சொற்களைக் கண்டால் பக்கத்தில் உள்ள எழுத்துகளை எண்ணுங்கள். 'மரை தா என்று புரண்டு அழுதால் பூ கிடைக்கும் (3)' என்பதில் மரை என்பது மான் வகை. ம, ரை, தா என்னும் மூன்று எழுத்துகளும் புரண்டால் தாமரை. எண்ணிக்கை பொருந்துகிறதா என்று பார்ப்பதற்கு ஒரு நொடிதான் ஆகும், ஆனால் பலர் அதைச் செய்வதில்லை.

கேள்வி: இது ஆங்கிலேயர் விளையாட்டு. இதைத் தமிழில் கொண்டுவந்து ஒட்டுவது செயற்கையாக இல்லையா?

பதில்: கட்டம் நம்முடையது அன்று என்பதை ஒப்புக்கொள்கிறேன். இலிவர்பூலில் பிறந்த ஆர்தர் வின் 1913 டிசம்பர் 21 அன்று 'நியூயார்க் வேர்ல்டு' நாளிதழின் ஞாயிறு இணைப்பில் வெளியிட்ட வைர வடிவப் புதிரே இதன் தொடக்கம். அவர் வைத்த பெயர் 'வேர்டு கிராஸ்'. சில வாரங்களில் அச்சில் அந்த இரண்டு சொற்களும் இடம்மாறின, மாறிய பெயரே நிலைத்துவிட்டது. எல்லாம் முன்பே நம்மிடம் இருந்தது என்று மார்தட்டும் பழக்கத்தில் எனக்கு உடன்பாடு இல்லை. ஆனால் குறிப்பின் உத்திகளைப் பொறுத்தவரை, நாம் கடன் வாங்க வேண்டியது மிகக் குறைவு.

மேலே துரையின் தலையை வாங்கினோம் அல்லவா? ஒரு சொல் முதலிலும் இடையிலும் கடையிலும் எழுத்துக் குறைந்து வரும் என்று நன்னூல் விதி வகுத்திருக்கிறது. முதற்குறைக்கு உரைகாரர்கள் காட்டும் எடுத்துக்காட்டு எது தெரியுமா? தாமரை என்பது மரை என்று நிற்பதுதான். ஓந்தி ஓதியானால் இடைக்குறை, நீலம் நீல் ஆனால் கடைக்குறை.

அணியிலக்கண நூலாகிய தண்டியலங்காரம் கூறும் சித்திரக்கவிகளுள், அதாவது எழுத்துகளை வைத்து விளையாடும் பாட்டு வகைகளுள், வினாவுத்தரம் என்று ஒன்று உண்டு. அதற்கான எடுத்துக்காட்டுப் பாடல் வரிசையாக வினாக்களைக் கேட்கிறது. பூமகள் யார்? திரு. போகிறவனை அனுப்பி வைப்பவன் என்ன சொல்வான்? ஏகு. சரத்துக்கு வேறு பெயர் என்ன? அம்பு. அழகின் பெயர் என்ன? அம். கடைசி வினா, பிறைசூடிய பெருமான் உவந்து உறையும் இடம் எது என்பது. முந்தைய விடைகளைச் சேர்த்துப் பாருங்கள், காஞ்சியின் திருவேகம்பம் கிடைக்கும். துண்டுகளைக் கூட்டி விடையைச் செய்யும் முறை, நேர்பொருளைக் கடைசியில் வைக்கும் ஒழுங்கு இரண்டும் இதில் இருக்கின்றன. 'கூடல்' குறிப்பை நான் அமைத்ததும் இதே அச்சில்தான். சருப்பதோபத்திரம் என்னும் இன்னொரு வகையில் எட்டுக்கு எட்டாக அறுபத்து நான்கு கட்டங்களில் எழுத்துகளை நிரப்புவார்கள், எப்பக்கம் தொடங்கி வாசித்தாலும் அதே பாட்டு வர வேண்டும். அதை அமைத்துப் பார்க்க முயன்று இரண்டு முறை தோற்றிருக்கிறேன்.

கேள்வி: சொற்களுக்கு நடுவே விடையை ஒளித்து வைக்கும் குறிப்புகள் தமிழில் ஏன் குறைவாக உள்ளன?

பதில்: சந்தி விடுவதில்லை. 'இராமன் உடைத்த வில்லில் ஒளிந்திருக்கும் மங்கல வாத்தியம் (3)' என்ற குறிப்பில் 'உடைத்த' என்பதன் கடைசி எழுத்தும் 'வில்லில்' என்பதன் முதல் இரண்டு எழுத்துகளும் சேர்ந்து தவில் ஆகின்றன. இரண்டாம் சொல் வகரத்தில் தொடங்குவதால் இடையே ஒற்று எதுவும் நுழையவில்லை. ஒருமுறை சிற்றிதழ் ஒன்றுக்கு 'போருக்குப் புறப்பட குதிரையில் ஒளிந்திருக்கும் ஓடம் (3)' என்று எழுதி அனுப்பினேன். படகு விடை. அச்சில் வந்தபோது 'புறப்படக் குதிரையில்' என்று இருந்தது, படகு உடைந்து போயிற்று. தொலைபேசியில் அழைத்துக் கோபமாகப் பேசினேன். மெய்ப்புத் திருத்தியவர் பொறுமையாகக் கேட்டுவிட்டு, அகர ஈற்று வினையெச்சத்தின் பின் வல்லினம் மிகும் ஐயா என்றார். அவர் சொன்னது முற்றிலும் சரி. ஒற்றெழுத்தை விட்டுவிட்டால்தான் நிற்கும் குறிப்பு, குறிப்பே அன்று.

'அப்சர்வர்' இதழில் 1939 முதல் புதிர் அமைத்த டெரிக் மக்நட், குறிப்பின் ஒவ்வொரு சொல்லும் தன் வேலையைச் செய்ய வேண்டும், அமைப்பவர் அவிழ்ப்பவரை ஏமாற்றலாமே ஒழிய அநீதி செய்யக்கூடாது என்ற நெறியை வலியுறுத்தினார். அவருக்கு முன்னவர் தோர்க்கமாதா என்ற ஸ்பானிய மத விசாரணைத் தலைவரின் பெயரைப் புனைபெயராகக் கொண்டவர். மக்நட்டும் அதே பதவியில் இருந்த இன்னொருவரின் பெயரைத் தேர்ந்துகொண்டார். அவருக்குப் பின் 1972இல் வந்தவர், டெஸா என்ற விசாரணைத் தலைவரின் பெயரைத் திருப்பிப் போட்டு அஸெட் என்று வைத்துக்கொண்டார். வாசகரை வதைப்பதில் வழிவழியாக வந்த ஈடுபாடு என்று கொள்ளலாம்.

கேள்வி: 'காலொடிந்த பாடம் சுவரில் தொங்குகிறது (3)'. இதற்கு விடை படம் என்று சொல்கிறார்கள். எப்படி?

பதில்: பா என்னும் எழுத்தின் துணைக்காலை ஒடித்துவிடுங்கள், ப மிஞ்சும். தமிழ் எழுத்தின் உறுப்புகளுக்குக் கால், கொம்பு, சுழி, புள்ளி என்று உடலோடு ஒட்டிய பெயர்கள் இருப்பது அமைப்பவர்களுக்குக் கிடைத்த வரம். 'கொம்பு முளைத்த பண் மங்கை (2)' என்றால் பெண். ஏட்டுச் சுவடிகளில் எகரத்துக்கும் ஏகாரத்துக்கும் ஒரே கொம்புதான் இருந்தது. வீரமாமுனிவரின் சீர்திருத்தமாகச் சொல்லப்படும் இரட்டைக்கொம்பு வராமல் இருந்திருந்தால், 'கொம்பு இரட்டித்தது' என்ற வகைக் குறிப்புகள் நமக்குக் கிடைத்திருக்கா.

கேள்வி: மெய்யெழுத்துக்குத் தனிக் கட்டம் தருவது இடத்தை வீணாக்குகிறது என்று நினைக்கிறேன். தங்கள் கருத்து என்ன?

பதில்: நான் மாறாகவே நினைக்கிறேன். புள்ளி வைத்த கட்டம்தான் அவிழ்ப்பவருக்குப் பெரிய துணை. ஆங்கிலத்தில் ஓர் எழுத்து தெரிந்தால் அடுத்தது 26இல் ஏதாவது ஒன்றாக இருக்கலாம். தமிழில் ஒரு கட்டத்தில் த் விழுந்துவிட்டால் அடுத்த கட்டத்தில் தகர வரிசையைத் தவிர வேறெதுவும் வராது. 247 எழுத்துகள் ஒரே அடியில் 12 ஆகக் குறைந்துவிட்டன. க், ச், ப் ஆகியவற்றுக்கும் இதே விதி. ங் வந்தால் அடுத்து ககர வரிசை, ந் வந்தால் பெரும்பாலும் தகர வரிசை. ட், ற் இரண்டும் சற்று தாராளமானவை, வெட்கம், காட்சி, நட்பு, கற்பு என்று ககர, சகர, பகரங்களையும் ஏற்கும். தமிழ்ச் சொல்லின் இறுதியில் வல்லின மெய் நிற்காது, முதலில் டகரமும் ணகரமும் வாரா. பக்தி, சப்தம் போன்ற வடசொற்கள் இவ்விதிகளை மீறும் என்பதை மட்டும் நினைவில் வையுங்கள். எந்த மெய்யை அடுத்து எது வரும் என்று கூறும் மெய்ம்மயக்கம் எதற்கு என்று பள்ளியில் கேட்ட மாணவர்களுள் நானும் ஒருவன். பென்சிலும் கையுமாக ஒரு மூலையில் சிக்கிக்கொண்ட இரவில்தான் அதன் பயன் புரிந்தது.

கேள்வி: பொதுவாக எந்தெந்தச் செய்திகளைத் தெரிந்து வைத்திருக்க வேண்டும்?

பதில்: முதலில் ஓரெழுத்து ஒருமொழிகள். நன்னூல் கணக்கில் அவை 42. ஆ பசு, ஏ அம்பு, கா சோலை, கோ அரசன், சோ மதில், பே அச்சம், வீ மலர். விடையைத் துண்டு போடும்போது எஞ்சி நிற்கும் ஒற்றை எழுத்தை அடைக்க இவற்றைவிடச் சிறந்த ஆப்பு இல்லை. அடுத்து, பண்டைய கீழ்வாய் எண்கள், அதாவது பின்னங்கள். மா என்றால் மாமரம், குதிரை, திருமகள் என்பதோடு இருபதில் ஒரு பங்கும் ஆகும். முந்திரி என்பது 320இல் ஒரு பங்கு. 'முந்நூற்றிருபதில் ஒன்று பாயசத்தில் மிதக்கிறது (4)' என்பதை இந்தக் கணக்கு தெரியாதவர் அவிழ்க்க முடியாது. குரல், துத்தம், கைக்கிளை, உழை, இளி, விளரி, தாரம் என்ற ஏழிசைப் பெயர்களும், பாரி முதலான வள்ளல் எழுவரும் அடிக்கடி வருவார்கள். அவர்களுள் ஓரியும் காரியும் ஈரெழுத்தில் முடிவதால் அமைப்பவர்களுக்கு அதிகம் பிடித்தவர்கள். அறுபது ஆண்டுப் பெயர்களை நான் மனப்பாடம் செய்ததில்லை, பஞ்சாங்கம் போதும்.

கேள்வி: அகராதி பார்ப்பது ஏமாற்று வேலையா?

பதில்: இல்லை. 1924 முதல் 1936 வரை ஆறு தொகுதிகளாக வெளிவந்த சென்னைப் பல்கலைக்கழகத் தமிழ்ப் பேரகராதியை நான் தயங்காமல் புரட்டுவேன். சூடாமணி நிகண்டின் பதினோராம் தொகுதி, ஒரு சொல்லுக்குரிய பல பொருள்களைத் தொகுத்துத் தருவது. புதிர் அமைப்பவருக்கு அது ஒரு சுரங்கம்.

கேள்வி: இரண்டாம் உலகப்போரில் ஒரு குறுக்கெழுத்துப் புதிர் இராணுவ இரகசியத்தை வெளியிட்டதாகச் சொல்வது உண்மையா?

பதில்: சொற்கள் வெளிவந்தது உண்மை. 1944 மே மாதத்தில் இலண்டன் 'டெய்லி டெலிகிராஃப்' புதிர்களில் யூட்டா, ஒமாஹா, ஓவர்லார்டு, மல்பெரி என்ற விடைகளும் ஜூன் 1 அன்று நெப்டியூன் என்ற விடையும் வந்தன. இவை அனைத்தும் ஜூன் 6 நார்மண்டித் தரையிறக்கத்தோடு தொடர்புடைய சங்கேதப் பெயர்கள். புதிர் அமைத்த லியோனார்டு டா என்னும் தலைமையாசிரியரை உளவுத்துறையினர் விசாரித்துவிட்டு, குற்றமற்றவர் என்று விட்டுவிட்டார்கள். அவருடைய முன்னாள் மாணவர் ஒருவர் 1984இல் தந்த விளக்கம் எனக்கு நம்பும்படியாக இருக்கிறது. வெற்றுக் கட்டங்களைச் சொற்களால் நிரப்பும்படி தலைமையாசிரியர் மாணவர்களிடம் தருவாராம், பள்ளிக்கு அருகே முகாமிட்டிருந்த படைவீரர்களிடம் கேட்ட சொற்களைத் தான் அவற்றில் எழுதினேன் என்றார் அவர். குறிப்புகளை மட்டும் ஆசிரியர் பிறகு எழுதிச் சேர்த்திருக்கிறார். கட்டத்தை முதலில் நிரப்பிவிட்டுக் குறிப்பைப் பின்னர் எழுதுவதுதான் எங்கள் அனைவரின் வழக்கமும் என்பதால், இதில் வியப்பு ஒன்றும் இல்லை.

கேள்வி: மூன்று நாட்களாக ஒரே குறிப்பில் நிற்கிறேன். 'குரங்கு பொங்கல் மாதத்தோடு சேர்ந்தால் பாட்டு (3)'. கடைசிக் கட்டம் தை என்று ஊகித்துவிட்டேன். குறுக்கே வரும் சொல்லிலிருந்து முதல் எழுத்து க என்று தெரிகிறது. கடுவன் என்று எழுதினால் இடம் போதவில்லை. மந்தி ககரத்தில் தொடங்கவில்லை. உதவுவீர்களா?

பதில்: பாதி தூரம் உதவுகிறேன். காளமேகப் புலவர் அரசவையில் தருக்கோடு வீற்றிருந்த புலவர்களைப் பார்த்து, உங்களுக்கு வால் எங்கே, நான்கு கால்கள் எங்கே, உள்ளே குழிந்த கண்கள் எங்கே என்று கேட்டதாக ஒரு தனிப்பாடல் உண்டு. அவர்கள் தங்களுக்கு என்ன பட்டம் சூட்டிக்கொண்டிருந்தார்கள் என்று யோசியுங்கள். அந்தப் பட்டத்தின் முதல் இரண்டு எழுத்துகள் உங்கள் கட்டத்துக்குப் போதும்.